தண்ணிப் படிப்புக்கு வேலையில்லையாம்

தண்ணிப் படிப்புப் படித்தவனுக்கு இந்த நாட்டில் வேலை இல்லை. இருபத்தைந்து வருடமாக இந்த வசனத்தைக் கேட்டு வருகிறேன். திருகோணமலைச் சீனன்குடாச் சந்தித் தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து மகனைக் கையோடு கூட்டிவந்த வாப்பா ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொறியியற் பீடத்தை முடித்துத் திரும்பி வந்த மாணவனே சொல்லவும் கேட்டிருக்கிறேன். ஆள் மாறினாலும் வசனம் மாறுவதில்லை: நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இடம் இல்லை, நீர் வழங்கல் சபை ஆள் எடுப்பதில்லை, ஆகவே வேலை இல்லை. இது பிழை. ஆளைக் கொல்லக்கூடிய பிழை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாகக் கேட்டது சென்ற தை மாதம், ஒரு தாயிடமிருந்து. அவரின் மகள் பேராதனையில் பொறியியல் மூன்றாம் வருடம். என்னிடம் பிரயோக கணிதம் படித்த பிள்ளை. குடிசார் பொறியியலுக்குள் கட்டமைப்பா, மண்ணா, வீதியா, நீரா, எந்தப் பக்கம் போவது என்று அவள் தீர்மானிக்க வேண்டிய நேரம். அவள் நீர் என்றாள். தாய் பதறிப்போய் என்னிடம் வந்தார். "சேர், கட்டடப் பக்கம் போனாலாவது கட்டாருக்கு, டுபாய்க்குப் போகலாம். தண்ணிப் பக்கம் போய் என்ன செய்யிறது? குளத்தடியில நிக்கிறதோ? நீங்க ஒரு சொல்லுச் சொன்னா அவள் கேப்பாள்."

அந்த ஒரு சொல்லைப் பதினைந்து வருடத்துக்கு முன் வேறொரு மாணவனுக்குச் சொல்லியிருக்கிறேன். "தம்பி, நீரியல் வேண்டாம், கொம்பியூட்டருக்கு மாறு" என்றேன். அவன் மாறினான், நல்ல நிலையில்தான் இருக்கிறான். ஆனால் எதைத் தெரிந்துகொண்டு அப்படிச் சொன்னேன்? நீர் சார்ந்த தொழில்கள் எவை, யார் செய்கிறார்கள், எங்கே ஆள் போதாமல் இருக்கிறது என்று ஒரு நாளாவது விசாரித்தேனா? இல்லை. ஊர் சொன்னதை நானும் சொன்னேன். ஆசிரியன் வாயிலிருந்து வந்ததால் அது கூடுதல் கனத்தோடு அவன் தலையில் இறங்கியது.

இந்த முறை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அந்தத் தாய்க்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது அம்மா?" என்று கேட்டேன். "பைப்பில" என்றார். எங்களில் பெரும்பாலானோரின் பதில் அதுதான். அந்தப் பைப்புக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தால், வேலை இல்லை என்ற பேச்சு எங்கே உடைகிறது என்று தெரியும்.

மலையகத்தில் பெய்கிற மழை மகாவலியில் சேர்கிறது. கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் 1976இல் ஓர் அணை போட்டு ஆற்றின் ஒரு பங்கைத் திருப்பினார்கள். எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியே அது உக்குவெலை மின்நிலையத்துக்குப் போய், சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கைக்கு வருகிறது. அங்கே போவத்தன்ன, அதற்குக் கீழே 2018இல் திறந்த மொறகஹகந்த, பிறகு எலகெர அணைக்கட்டு. அங்கிருந்து பழைய வாய்க்கால் வழியே மின்னேரியா, கவுடுல்ல என்று குளத்துக்குக் குளம் இறங்கிக் கந்தளாய்க்கு வருகிறது. கந்தளாய்க் குளத்துக்குச் சொந்த நீரேந்து பரப்பும் உண்டு. இரண்டு நீரும் சேர்ந்த குளத்திலிருந்து எடுத்து, படிகாரம் போட்டுக் கலங்கலைப் படியவிட்டு, மணலில் வடித்து, குளோரின் கலந்து, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் குழாயில் திருகோணமலைக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் அந்தத் தாய் குடித்தார்.

இந்த வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தீர்மானம் இருக்கிறது. எந்த வான்கதவை எத்தனை அங்குலம் திறப்பது? பெரும்போகத்துக்கு வயலுக்கு எவ்வளவு, பட்டணத்துக் குழாய்க்கு எவ்வளவு? மார்கழியில் குளம் செம்மண் நிறமாகக் கலங்கும்போது படிகாரத்தை எவ்வளவு கூட்டுவது, ஆவணியில் நீர் வற்றிப் பாசி பிடிக்கும்போது என்ன செய்வது? குளோரின் வெயிலுக்கும் தூரத்துக்கும் குறைந்துகொண்டே போகும். வீட்டுக் குழாயில் விழும்போது ஒரு லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 40 கிலோமீற்றருக்கு அப்பால், கடைசி வீட்டில், அந்த 0.2 மிஞ்சுமாறு பார்ப்பது ஒரு தொழில். குழாயின் எந்த மூட்டில் கசிகிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு தொழில். சுத்திகரித்து அனுப்புகிற நீரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த நாட்டில் கசிந்தோ கணக்கில் வராமலோ போகிறது. படிகாரமும் மின்சாரமும் ஆள்கூலியும் செலவழித்துச் செய்த பண்டத்தில் கால்வாசியை நிலத்தில் ஊற்றுகிறோம். அதை நிறுத்தத் தெரிந்த ஆளுக்கு வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது?

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டியதாக எங்கள் மரபு சொல்லும். வரலாற்றாசிரியர்கள் ஏழாம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியின் பெயரைச் சொல்வார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. குளமும் கோட்டமும் கட்டியவன் என்று ஒரு மன்னனுக்குத் தொழிலையே பெயராக வைத்துக் கோணேசர் கோவிலோடு சேர்த்துக் கும்பிடுகிற ஊர் இது. அந்த ஊரில் பிறந்த பிள்ளையிடம் குளம் படித்தால் பிழைக்க மாட்டாய் என்று சொல்கிறோமே, அதுதான் மனதை அறுக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு வேர் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். வேலை என்ற சொல்லை நாங்கள் பிழையாக விளங்கிவைத்திருக்கிறோம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வேலை என்றால் உத்தியோகம். உத்தியோகம் என்றால் நியமனக் கடிதம், பென்சன், கல்யாணச் சந்தையில் ஒரு மதிப்பு. தண்ணிப் படிப்புக்கு வேலை இல்லை என்று ஒருவர் சொல்லும்போது அவர் உண்மையில் சொல்வது, இந்த வருட வர்த்தமானியில் விண்ணப்பம் கோரவில்லை என்பதைத்தான்.

அந்த அளவில் அது உண்மை. மறைக்க மாட்டேன். நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இல் தொடங்கியது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் வந்தது. மகாவலி அதிகாரசபை 1979இல். இவற்றில் பொறியியலாளர் பதவிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. 2022 நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இறுகிப் போனது. உள்ளே இருந்த அனுபவசாலிகள் பலர் வெளிநாடு போனார்கள். மாகாண நிருவாகத்திலும் வெற்றிடம் இருந்தால் அது நிரம்ப வருடக்கணக்கு எடுக்கும். பட்டம் பெற்று இரண்டு வருடம் வீட்டில் இருக்கிற பிள்ளையின் வலி எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணையில்தான் வந்து உட்காருகிறார்கள்.

ஆனால் பதவி இல்லாததால் வேலை இல்லாமல் போகாது. அது செய்யப்படாமல் கிடக்கும். செய்யப்படாத தண்ணீர் வேலை என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டம் ஓர் இரவில் படித்தது.

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன் மூன்று மணியளவில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. 14,000 அடி நீளமான மண் அணை. ஊர் நித்திரை. புத்தாண்டு கழிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 120க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1,600க்கு மேற்பட்ட வீடுகள் போயின, 2,000 ஏக்கர் வயல் போனது. ஆறு நாள் கழித்துச் செர்னோபில் வெடித்தது. உலகம் அதைப் பார்க்கத் திரும்பிவிட்டது. எங்கள் பாடப்புத்தகங்களில்கூட நான் செர்னோபிலைக் கண்டிருக்கிறேன், கந்தளாயைக் கண்டதில்லை.

அணை ஏன் உடைந்தது என்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். கனமான வாகனங்கள் அணைக்கட்டின் மேல் ஓடியது அவற்றில் ஒன்று. எது முதற்காரணம் என்பதை விடுங்கள். மண் அணை ஒன்று திடீரென்று ஒரு நிமிடத்தில் மனம் மாறி உடைவதில்லை. எந்த மண் அணையிலும் நீர் கசியும். கசியாத மண் அணை கிடையாது. தெளிந்த கசிவுக்குப் பயம் இல்லை. கசிவு கலங்கி வந்தால், உள்ளே நீர் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அணையின் அடிவாரத்தில் முக்கோண வெட்டுள்ள ஒரு தகட்டை நாட்டி, அதன் வழியே போகிற நீரின் உயரத்தைத் தினமும் குறித்தால் கசிவு கூடுகிறதா என்று தெரியும். அணைக்குள் குழாய் இறக்கி நீரழுத்தத்தைப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். அணைமேல் மரம் முளைத்தால் வேர் அழுகி ஓட்டையாகும். உடும்பும் முள்ளம்பன்றியும் வளை தோண்டும். கறையான் புற்று வைக்கும். இவற்றைப் பார்க்க ஒரு கண் வேண்டும். பழகிய கண், படித்த கண். அலைகரைக் கல் ஒன்று சரிந்திருப்பதைக் கண்டால் அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிற கண். இலங்கையில் முந்நூறுக்கு மேற்பட்ட பெரிய அணைகள் உண்டு. சிறுகுளங்களோ ஆயிரக்கணக்கில். இவை ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் ஊர் நித்திரை கொள்கிறது. உலக வங்கிக் கடனில் 2008இல் அணைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. பழைய அணைகள் பலவற்றைத் திருத்தினார்கள். திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு. அணைக்குக் கிடையாது. அது நிற்கிற காலம் முழுவதும் ஆள் வேண்டும்.

இனிச் சீனன்குடாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி எத்தனையோ அரசியல் எழுதப்பட்டிருக்கிறது. 1930களில் ஆங்கிலேயர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. 99 இன்றும் நிற்கின்றன, மேல் தொகுதியில் 84, கீழ்த் தொகுதியில் 15. 2022 தையில் எழுதிய ஒப்பந்தத்தின்படி 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. யாருக்கு எத்தனை என்று எங்கள் ஊர்ப் பையன்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த 99 தாங்கிகளைச் சுற்றி விழுகிற மழை எங்கே போகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்யும். பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். எண்ணெய்த் தாங்கி எதுவானாலும் அதைச் சுற்றி ஓர் அணைவரம்பு இருக்க வேண்டும். அதற்குள் தேங்கும் மழைநீரை அப்படியே வெளியே விடக் கூடாது. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி வழியே விட வேண்டும். பழைய தாங்கிகளைத் திருத்திப் பாவனைக்கு எடுப்பதென்றால் அவற்றின் அடியில் மண் எப்படி இருக்கிறது, நிலத்தடி நீர் குடாவை நோக்கிச் சாய்கிறதா, கிணறுகளை நோக்கிச் சாய்கிறதா என்று முதலில் துளையிட்டுப் பார்க்க வேண்டும். இதை ஊகித்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுன்னாகம் இருக்கிறது. அங்கே மின்நிலையத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றை மட்டும் நம்பி வாழ்ந்த சனம், வாசலில் பவுசருக்கு வரிசையில் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள் எண்ணெய் போனால் எத்தனை வேகத்தில், எந்தத் திசையில் பரவும் என்பது நிலத்தடி நீரியல் படித்தவன் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லக்கூடியது. சனம் அதை வாளியில் மிதந்த எண்ணெய்ப் படலத்தைக் கண்டுதான் தெரிந்துகொண்டது.

சீனன்குடாவில் மாவாலை இருக்கிறது, சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, விமானத்தளம் இருக்கிறது, கப்பல் வருகிறது. கொஞ்சம் தள்ளித் தம்பலகாமக் குடாவில் சிப்பி இருக்கிறது, இறால் இருக்கிறது, அவற்றை நம்பி வள்ளம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவை வெளியேற்றுகிற தொழிலகங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். உரிமத்துக்குக் கழிவுநீர்ப் பரிசோதனை வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதை வடிவமைக்க ஒருவர் வேண்டும், நாளாந்தம் நடத்த ஒருவர் வேண்டும். ஹோட்டல் கட்டுகிறவனுக்கும் அதேதான். நிலாவெளி மணலில் மலசலகூடக் குழியையும் குடிநீர்க் கிணற்றையும் எத்தனை அடி தள்ளி வைப்பது என்பதற்கே ஆள் வேண்டும். நாடு முழுவதும் பார்த்தால், குழாய்வழி கழிவகற்றும் வசதி உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். மிச்சத் தொண்ணூற்றெட்டுப் பேரின் கழிவு நிலத்துக்குள் போகிறது, அல்லது பவுசரில் ஏறி எங்கோ போகிறது. இந்தத் தொண்ணூற்றெட்டைக் கண்டு ஓர் இளம் பொறியியலாளர் வேலை இல்லை என்று சொன்னால், அவருக்கு யாரோ கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கட்டியவர்கள் நாங்கள்.

இவை எதற்கும் 'நீர்ப் பொறியியலாளர் தேவை' என்று விளம்பரம் வராது. அதுதான் சிக்கல். சுற்றாடல் உத்தியோகத்தர் என்று வரும், திட்ட ஆலோசகர் என்று வரும், தள முகாமையாளர் என்று வரும், பம்பு விற்கிற கம்பனியின் தொழில்நுட்ப விற்பனையாளர் என்றுகூட வரும். தாய்மார் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். படிப்பின் பெயரும் பதவியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வைத்தியம் படித்தவர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

பதவி சிரிபுரப் பக்கம் போய்ப் பாருங்கள். அதுவும் எங்கள் மாவட்டம்தான். காரணம் இன்னும் முழுமையாகத் துலங்காத சிறுநீரக நோய் அந்தப் பக்கத்துச் சனத்தை விவசாயி விவசாயியாகத் தின்றிருக்கிறது. கிணற்று நீரில் சந்தேகம் வந்ததால் வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் ஊருக்கு ஊர் சவ்வு வடிகட்டி இயந்திரம் வைத்தார்கள். பல இடங்களில் கிராமச் சங்கமே அதை நடத்துகிறது. சவ்வை எப்போது கழுவுவது, எப்போது மாற்றுவது, வடிகட்டி மிஞ்சுகிற உப்புக் கழிவை எங்கே விடுவது? அந்தக் கழிவைப் பக்கத்துக் காணியில் விட்டால் திரும்பவும் அதே நிலத்தடி நீரில்தான் சேரும். இயந்திரம் வாங்க நன்கொடை கிடைக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு யாரும் நன்கொடை கொடுப்பதில்லை.

கட்டார், டுபாய் என்றாரே அந்தத் தாய், அதற்கும் ஒரு வார்த்தை. உலகக் கிண்ணம் 2022இல் முடிந்துவிட்டது. மைதானம் ஒருமுறை கட்டினால் அந்த வேலை முடிந்தது. ஆறில்லாத அந்த நாடுகளில் குடிநீரை ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து காய்ச்சியோ வடித்தோ எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு முடிவு கிடையாது. சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரையே குடிக்கத்தக்க நீராக்கிக் காட்டியது. 2019 கோடையில் ஏரிகள் வற்றிச் சென்னை தவித்தபோது மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள் நாளொன்றுக்கு 10 கோடி லீற்றர் வீதம் கடல் நீரை வடிக்கும் கொள்ளளவோடு அந்த நகரைத் தாங்கின. எங்கள் பக்கத்திலேயே, இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்கக் கிளிநொச்சி விவசாயிகள் சம்மதிக்காத நிலையில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவில் கடல் நீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இந்தத் தொழில் தெரிந்தவருக்கு வளைகுடாவில் ஒரு கதவு, வடமராட்சிக் கிழக்கில் ஒரு கதவு. கட்டடம் படித்தவருக்கு இல்லாத கதவுகள்.

ஆனாலும் வெளிநாட்டைக் காட்டி இந்தப் படிப்பை விற்க எனக்கு விருப்பம் இல்லை. எனக்குக் கவலை இந்த மண்ணைப் பற்றி.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. நாட்டின் மிகப் பெரிய ஆறு மேலே செய்கிற எல்லாவற்றுக்கும் கணக்குத் தீர்ப்பது இங்கேதான். 2006 ஆடியில் மாவிலாற்று மதகை மூடினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்கு நீர் நின்றது. சில நாட்களில் குண்டு விழுந்தது. ஒரு நாட்டின் கடைசிப் போர் ஒரு மதகடியில் தொடங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோது அதே மாவிலாற்றில் வெள்ள அணை உடைந்தது. மூதூர்ப் பக்கத்துச் சனம் மறுபடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. அங்கே மதகை அடைத்தால் சண்டை, உடைந்தால் வெள்ளம். ஆற்றுப் பள்ளத்தாக்கில் எவ்வளவு மழை பெய்தால் எத்தனை மணித்தியாலத்தில் வெருகலில் எத்தனை அடி உயரும் என்று கணக்கிட்டு, அந்தச் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஊர்களுக்கு முந்திக்கொண்டு சொல்வது முழுநேர வேலை. ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு படைக்கு.

யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் ச. ஆறுமுகத்தை இங்கே நினைக்கிறேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்தவர். ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுசேர்க்கும் திட்டத்தை 1954இல் வரைந்தார். இலங்கையின் ஆறு, குளம் எல்லாவற்றையும் கணக்கெடுத்து அவர் எழுதிய நூல் 1969இல் வந்தது. அவர் திட்டம் எழுபது வருடமாக அரைகுறையாகவே கிடக்கிறது. அது நல்ல திட்டமா, இன்றைய உப்பு நிலைக்கும் மீனவர் வாழ்வுக்கும் பொருந்துமா என்று திரும்பவும் சோதிக்க வேண்டும். சோதிக்க ஆள் வேண்டும். ஆறுமுகத்தின் தலைமுறைக்குப் பிறகு தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தப் பக்கம் அனுப்பினோம்? கணினிக்கு அனுப்பினோம், கணக்கியலுக்கு அனுப்பினோம். தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டிய ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் பக்கத்தில் உணர்ச்சி இருந்தது, எண் இருக்கவில்லை. இரணைமடுச் சர்ச்சையில் வாய்கள் எத்தனை, நீரளவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர்கள் எத்தனை என்று அந்த நாட்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்.

அரசின் பக்கத்தில் குற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கிழக்கின் பெரிய குளங்களும் மகாவலியின் வாயும் இருக்கிற மாவட்டத்தில், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. பொறியியற் பீடம் இல்லை. தமிழ் மொழிமூலப் பிள்ளை ஒலுவிலுக்கோ கிளிநொச்சிக்கோ பேராதனைக்கோ போக வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தராக விரும்புகிறவர் அம்பாறை ஹார்டி நிறுவகத்துக்குப் போகலாம். அவர்களையும் நாங்கள் குறைத்தே பேசுகிறோம். மதகடியில் மட்டமானி பிடித்து நிற்பவர் டிப்ளோமாக்காரர் என்பதால் பொறியியலாளரைவிடக் குறைந்தவர் என்று நினைக்கிறவர்கள், அணை உடைகிற இரவில் யாரை எழுப்புவார்கள்? வட்டை விதானையாருக்கும் அந்த உத்தியோகத்தருக்கும்தான் முதலில் தெரியும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவு: பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் பிள்ளைக்கும் சில நிபந்தனை உண்டு. நீர்ப் பொறியியலோடு மண் பொறியியலையும் விடக் கூடாது, குளம் என்பது பாதி மண். சிங்களம் பேச எழுதப் படிக்க வேண்டும். ஒரே வாய்க்காலின் தலைப்பும் கடையும் இரண்டு மொழி பேசும். வரைபட மென்பொருள் பழக வேண்டும். நியமனக் கடிதத்துக்குக் காத்திருக்காமல், பட்டம் முடிந்த மறுமாதமே யாராவது ஒப்பந்தகாரரோடு குழாய் புதைக்கிற இடத்துக்குப் போய்ச் சேற்றில் நிற்க வேண்டும். முதல் இரண்டு வருடச் சம்பளம் குறைவாக இருக்கும். அதையும் சொன்னேன், மறைக்கவில்லை. பட்டயப் பொறியியலாளர் ஆனபிறகு அவளைத் தேடி ஆள் வரும்.

அவர் முழு மனதோடு போனாரா என்று தெரியவில்லை. மகள் விடுமுறைக்கு வந்தபோது என்னிடம் படிக்கிற நாலைந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தம்பலகாமப் பக்கத்தில் ஒரு சிறு குளத்துக்குப் போனோம். மழை விட்டு மூன்றாம் நாள். குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வானில் கால் நனைத்தார்கள். அவள் அணைக்கட்டின் மறுபக்கச் சரிவில் இறங்கி, ஒரு புற்றுக்குப் பக்கத்தில் குந்தி, ஈர மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மேலே வந்து கேட்டாள்:

"சேர், இந்தக் குளத்துக் கசிவை எத்தனை நாளைக்கு ஒருக்கா அளப்பாங்க?"

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற பெரியவரைக் கேட்டோம். "அளக்கிறதோ? நான் சின்ன வயசிலயிருந்து இங்கதான் மாடு மேய்க்கிறன் மகள். ஒருத்தரும் அளந்து நான் பாக்கல்ல" என்றார்.

அவள் தோளிலிருந்த பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்தாள். அன்றைய திகதியை எழுதினாள். ஒரு தடியை ஒடித்து, அதில் விரலளவாக அடையாளம் கீறி, கசிவு ஓடுகிற இடத்தில் நாட்டினாள். நீர் கலங்கவில்லை, தெளிவாகத்தான் ஓடியது. அதையும் எழுதினாள்.